எண்களுக்கு ரயில் நிலையத்தின் பெயரைச் சூட்டிய பள்ளி ஆசிரியர் காப்ரேகர்

ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, 111111111 என்ற அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 12345678987654321 என்ற 17 இலக்க எண் கிடைக்கும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறி, மீண்டும் ஒன்றுக்கே இறங்கும் இத்தகைய எண்களை ஆராய்ந்து, அவற்றுக்கு டெம்லோ எண்கள் எனப் பெயரிட்டவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் டி.ஆர். காப்ரேகர்.

தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் 1905-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி டஹாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்த அவரை, எழுத்தராகப் பணியாற்றிய தந்தை வளர்த்தார். தாணேயில் பள்ளிப் படிப்பை முடித்து, புணே ஃபெர்குசன் கல்லூரியில் பயின்ற அவர், 1927-இல் ராங்லர் பராஞ்ச்பே கணிதப் பரிசையும் 1929-இல் இளநிலைப் பட்டத்தையும் பெற்றார். முதுநிலைக் கல்வி பயிலவில்லை. 1930 முதல் 1962-இல் ஓய்வு பெறும் வரை நாசிக் அருகேயுள்ள தேவ்லாலியில் ஆசிரியராகவே பணியாற்றினார்.

மும்பையை அடுத்த டெம்லோ ரயில் நிலையத்தில்தான் இந்த எண்களை ஆராயும் எண்ணம் அவருக்கு உதித்தது. இன்றைய டோம்பிவிலியே அன்றைய டெம்லோ. அந்த ஊரின் பெயரையே எண்களுக்கும் சூட்டினார்.

அந்த 17 இலக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81 வரும். அந்த 81-ஆலேயே அது மீதியின்றி வகுபடும். இவ்வாறு தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருபவை என்ற பொருளில் ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவரும் காப்ரேகரே. பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் அழகிய வரிசை குலைந்து, விடை 1234567900987654321 என்றாகிவிடும்.

இவற்றை வெறும் எண் விளையாட்டு என்று இந்தியக் கணித அறிஞர்கள் பலர் ஒதுக்கினர். பெரிய ஆய்விதழ்களில் இடம் கிடைக்காததால், சிறிய இதழ்களிலும் தாமே அச்சிட்ட வெளியீடுகளிலும் அவர் தமது முடிவுகளைப் பதிவு செய்தார்.

1949-இல் அன்றைய மதராஸில் நடைபெற்ற கணித மாநாட்டில், 6174 என்ற எண்ணின் இயல்பை அவர் அறிவித்தார். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கிக் கழிக்க வேண்டும். கிடைக்கும் விடையிலும் இதையே தொடர்ந்தால், அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்துவிடும். பின்னர் அது மாறாது. 3524-இல் தொடங்கினால் 3087, 8352, 6174 என மூன்றே படிகள் போதும்.

அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1975-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பிறகே, காப்ரேகரின் பெயர் உலகம் முழுவதும் பரவியது. அப்போது அவருக்கு வயது 70.

1986-இல் காப்ரேகர் காலமானார். ஒரு காலத்தில் விளையாட்டு என ஒதுக்கப்பட்ட 6174, இன்று காப்ரேகர் மாறிலி என்றே அழைக்கப்படுகிறது.