எண்ணெய் தேடிய மாளவியா: பூமிக்குள் எதிரொலி கேட்டது எப்படி?

குமாரபாளையத்தில் காவிரிக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அங்கே பெட்ரோல் கிடைக்காது. ஆனா ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடிச்சுட்டுப் போன மணல், டெல்டா பக்கம் படிஞ்சு மணற்பாறை ஆச்சு. அதன் நுண்துளைகளில்தான் எண்ணெய் தங்கும்.

இப்படிப்பட்ட பாறைகளை நாடு முழுக்கத் தேட வைத்தவர் கேசவ தேவ் மாளவியா. 1904-ல் பிறந்தவர், சுதந்திரப் போராட்ட வீரர், நேரு அரசில் அமைச்சர். அப்போ அசாமில் மட்டும்தான் எண்ணெய் எடுத்தாங்க. மாளவியா சோவியத் நிபுணர்களின் உதவியைப் பெற்றார். 1956-ல் ஓ.என்.ஜி.சி. ஆணையம் உருவானது.

நிலத்தில் வெடி வெச்சு, அதிர்வு பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகுதுன்னு அளப்பாங்க. அதை வைத்து நிலத்தடிப் படம் வரைவாங்க. இப்போ கம்ப்யூட்டரில் மாதிரி அடுக்குகளை அமைத்து, அதில் வரும் எதிரொலியை உண்மைப் பதிவோடு ஒப்பிடுறாங்க.

ஆனாலும் எண்ணெய் இருக்கலாம்னுதான் படம் சொல்லும். தோண்டினால்தான் உறுதி. அந்தத் துணிச்சலுக்குப் பலனா 1958-ல் காம்பேயிலும், 1960-ல் அங்கலேஷ்வர் மணற்பாறையிலும் எண்ணெய் கிடைத்தது.

1963-ல் குற்றச்சாட்டு ஒன்றால் மாளவியா பதவி விலகினார். 1970-களில் மீண்டும் பெட்ரோலிய அமைச்சரானார். 1981-ல் மறைந்தார். டேராடூனில் உள்ள ஓ.என்.ஜி.சி. ஆய்வு நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.