ஒலியை அளந்த கோல்டிங்காம்

சென்னை நகரில் இருந்து அறிவுத்தொண்டு புரிந்தாருள் ஜான் கோல்டிங்காம் நினைக்கத் தக்கவர். வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி 1786-ஆம் ஆண்டில் எழும்பூரிலே தம் சொந்தச் செலவில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தில் இவர் உதவியாளராய் அமர்ந்தார். 1792-இல் அந்நிலையத்திற்கு நுங்கம்பாக்கத்திற் புதுக்கட்டடம் எழுந்தது. மைக்கேல் டாப்பிங் 1796-இல் மறைந்தபின், அதனைப் பேணும் பொறுப்பு இவரைச் சார்ந்தது. 1794-இல் தோன்றிய நில அளவைப் பள்ளியும் இவர் மேற்பார்வையில் வளர்ந்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு வித்து அதுவே. இக்காலத்தார் இராஜாஜி மண்டபம் என வழங்கும் மாளிகையை வகுத்தவரும் இவரே.

எனினும், இவர்தம் பொறுமையை நன்கு புலப்படுத்துவது 1820, 1821-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒலிச்சோதனையாகும். அந்நாளிற் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலைகளிற் பீரங்கி முழங்குவது வழக்கம். வானாராய்ச்சி நிலையத்திலிருந்து பரங்கிமலை ஏறத்தாழ ஐந்தரை மைல். கோட்டையோ இரண்டரை மைலுக்குச் சற்று மேல். வேட்டின் ஒளி கண்ணுக்கு உடனே தோன்றும். மலையின் முழக்கம் செவியை எட்ட இருபத்தைந்து விநாடிக்கு மேலாகும். முந்திய குறியைப் பிந்தியது வந்து சேருமளவும் தவறாது காத்து வைத்தலே இக்கணக்கிற்கு உயிர்.

ஒரு நாளின் அளவை நம்பி அவர் விடை கூறினாரல்லர். நாடோறும் வந்த எண்களோடு வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றின் திசையையும் குறித்து, மாதந்தோறும் தொகுத்துச் சராசரி கண்டார். சூலை மாதத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,164 அடி. திசம்பரிலோ 1,099 அடி. வெப்பம் மிகுந்தால் ஒலி விரையும் என்பது உண்மையே. ஆயினும் சென்னையின் வெப்பவேறுபாடு மட்டும் இத்துணை வித்தியாசத்தை விளைக்காது. காற்றின் போக்கும் கலந்திருத்தல் வேண்டும். ஒருநாட் கணக்கோடு அமைந்திருப்பின் இவ்வேறுபாடே வெளிப்பட்டிராது. இம்முடிவுகள் 1823-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தன.

இன்று சைகைகளை ஆராயும் கணிப்பொறி மென்பொருளிலும் இம்முறையே ஆளப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் வருவது தங்க ஓரிடமும், செல்வது தங்க ஓரிடமும் வகுப்பர். ஏரியிற் கொள்ளளவு குறைந்தால் வந்த நீர் வழிந்தொழியும். நீர் நிரம்புமுன் மதகைத் திறந்தால் கடைமடை காயும். அவ்வாறே, இடம் போதாதாயின் வந்த தகவல் அழியும்; வேண்டியதனைத்தும் சேருமுன் கணக்கிட்டால் விடை பிழைக்கும்.

கோல்டிங்காம் 1830-இல் சென்னையை நீங்கி, 1849-இல் காலமானார். தாம்பரத்திலிருந்து நகருக்கு ஏகும் மாணவர் பரங்கிமலையைக் கடக்குந்தோறும், கேட்டதை உடனே முடிவாக்காது காத்துத் தொகுத்த அவ்வறிஞரை எண்ணுதல் நலம்.