விளக்கில்லாத இரவில் கற்றவர்

கற்க வேண்டும் என்னும் வேட்கை உள்ளத்தில் உண்மையாகவே மூண்டுவிட்டால், அதை அணைக்க வல்லது எது? செல்வமின்மையா? சுற்றத்தாரின் ஏளனமா? படிக்க ஒரு விளக்குகூட இல்லாமையா? இவை எவையும் அல்ல என்பதை வாழ்ந்து காட்டியவர் மேரி சாமர்வில் அம்மையார். கடலையும் காற்றையும் வானத்தையும் பற்றிய அறிவியல் நூல்களால் உலகப் புகழ் பெற்ற அவரது வாழ்க்கையை நாம் இங்கே சிறிது காண்போம்.

ஸ்காட்லாந்து நாட்டின் ஜெட்பரோ என்னும் ஊரில் 1780ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தையார் கடற்படை அதிகாரி. பர்ன்டைலண்டு என்னும் கடற்கரை ஊரில் சிப்பியும் கிளிஞ்சலும் பொறுக்கி வளர்ந்த அச்சிறுமிக்குப் பத்து வயதாகியும் சரளமாக வாசிக்க வரவில்லை. பின்னர் விடுதிப் பள்ளி ஒன்றில் ஓராண்டு பயின்றார். நிமிர்ந்து நிற்பதற்காக எஃகுப் பட்டை வைத்த இறுக்கமான உடையை மாட்டிவிட்ட அப்பள்ளியில் அவர் மகிழ்ச்சி காணவில்லை.

ஒருநாள் நாகரிக உடைகளைப் பற்றிய பெண்கள் இதழ் ஒன்றைப் புரட்டியபோது, எண்களுக்கு நடுவே எழுத்துகள் கலந்த ஒரு புதிர் கண்ணில் பட்டது. அதன் பெயர் இயற்கணிதம் என்று அறிந்தார். பெண்ணொருத்தி கடைக்குச் சென்று கணித நூல் கேட்பது அக்காலத்தில் வழக்கமன்று. ஆகவே தம்பியின் ஆசிரியர் வாயிலாக யூக்ளிடின் வடிவியல் நூலைப் பெற்று, வீட்டு வேலைகள் முடிந்த இரவு நேரங்களில் படித்தார். மெழுகுவர்த்திகள் விரைவில் தீர்ந்துபோவதாக வேலைக்காரர்கள் முறையிட்டனர். அவள் படுத்தவுடன் மெழுகுவர்த்தியை எடுத்துச் சென்றுவிட வேண்டும் என்று தாயார் கட்டளையிட்டார். மேரி என்ன செய்தார் தெரியுமா? தாம் படித்திருந்த தேற்றங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக, இருளிலேயே மனத்தில் நிறுவிப் பார்த்தார். விளக்கைத்தான் எடுத்துச் செல்ல முடிந்தது!

1804இல் மணம் நிகழ்ந்தது. கணவர் சாமுவேல் கிரெய்க் பெண்களின் கல்வியைப் பெரிதாக மதிக்கவில்லை. 1807இல் அவர் இறக்க, இரு சிறு குழந்தைகளோடு மேரி தாய்வீடு திரும்பினார். சுற்றத்தார் ஏளனம் செய்தும் கணிதத்தை விடவில்லை. 1812இல் அவரை மணந்த மருத்துவர் வில்லியம் சாமர்வில், மனைவியின் படிப்புக்கு வாழ்நாள் முழுவதும் துணை நின்றார்.

1827இல் ஹென்றி புரூம் என்னும் அரசியல் அறிஞர், பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் வானியல் நூலை ஆங்கிலத்தில் விளக்கி எழுதுமாறு வேண்டினார். நன்றாக அமையாவிடில் கையெழுத்துப் படியை எரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மையார் இசைந்தார். வீட்டுக் கடமைகளுக்கு இடையே, விருந்தினர் வந்தால் தாள்களை மறைத்து வைத்துவிட்டு, அவர் எழுதிய நூல் 1831இல் வெளிவந்தது. கோள்களின் இயக்கத்தோடு, நீரும் காற்றும் இயங்கும் முறையையும் விளக்கிய அந்நூல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாடநூலாயிற்று. பெண்கள் மாணவராகச் சேர முடியாத பல்கலைக்கழகம் அது!

பின்னர் நிலம், கடல், காற்று, செடிகொடி, உயிரினம் அனைத்தையும் ஒருங்கே ஆராயும் 'இயற்கைப் புவியியல்' என்னும் நூலை எழுதினார். அது முடியும் வேளையில், அதே துறையில் ஹம்போல்ட் என்னும் பேரறிஞரின் நூல் வெளியாயிற்று. மனம் சோர்ந்த அம்மையார் தம் படியைத் தீயிலிட எண்ணினார். கணவர் தடுத்தார். வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் படித்துப் பார்த்து, வெளியிடுமாறு வற்புறுத்தினார். 1848இல் வெளிவந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது. கடல் நீரோட்டங்களும் காற்றுகளும் ஒரு நாட்டின் தட்பவெப்பத்தை எவ்வாறு அமைக்கின்றன என்பதை அவர் விளக்கினார். காடுகளை வெட்டுவதும் சதுப்பு நிலங்களை வடிப்பதுமாகிய மனிதச் செயல்களும் தட்பவெப்பத்தை மாற்றக்கூடும் என்பதையும் கண்டிருந்தார். புவி வெப்பமடைவதைக் கண்டு உலகமே கவலையுறும் இந்நாளில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியன்றோ இது!

அவரது மார்பளவுச் சிலையை இலண்டன் ராயல் சொசைட்டி தன் மண்டபத்தில் வைத்துப் பெருமை செய்தது. ஆயினும் அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இல்தான். அதுவரை சிலைக்கு இருந்த இடம் பெண்ணுக்கு இல்லை. 1872ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தமது 91ஆம் வயதில் அவர் மறைந்தார். இறுதி நாட்களிலும் காலை வேளைகளில் கணிதம் பயின்று வந்தார். 1879இல் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கெனத் தோன்றிய கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

அன்பு மாணவியரே! நமக்கு விளக்கு உண்டு, நூல் உண்டு, நம்மைப் படிக்க அனுப்பும் பெற்றோரும் அன்போடு கற்பிக்கும் ஆசிரியைகளும் உண்டு. இருளில் யூக்ளிடை மனத்தில் ஓட்டிய அச்சிறுமிக்கு இவை எளிதில் கிடைக்கவில்லை. பாடம் கடினமென்று நாம் நூலை மூட நினைக்கும் இரவில், ஒரு கணம் அவரை நினைத்துக்கொள்வோம். மூடிய நூலை மீண்டும் திறப்போம்.