விடுமுறையில் விதைத்தவர்: புனித தொன் போஸ்கோ

சென்ற மே மாதம் எங்கள் பங்கில் நடைபெற்ற கோடை முகாமுக்குப் பெயர் கொடுக்க அப்பாவிடம் அனுமதி கேட்டேன். பத்தாம் வகுப்பில் காலடி எடுத்து வைக்கும் பெண் ஆட்டத்திலும் பாட்டிலும் ஐந்து நாள்களை வீணாக்கலாமா என்று அப்பா தயங்கினார். அந்த ஐந்து நாள்களால் வாழ்க்கையில் என்ன நிலைத்து நிற்கும் என்றும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா பரிந்து பேசியதால் முகாமுக்குப் போய் வந்தேன். பின்னர் பள்ளி நூலகத்தில் புனித தொன் போஸ்கோவின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் அப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. அன்புத் தோழியரே, அதையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

வட இத்தாலியில் தூரின் நகருக்கு அருகே பெக்கி என்னும் சிற்றூரில், 1815-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் தொன் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மையார் அல்லும் பகலும் உழைத்து மக்களை இறைபக்தியில் வளர்த்தார். ஒன்பதாம் வயதில் சிறுவன் யோவான் ஒரு கனவு கண்டான். சண்டையிட்டும் தூஷணம் பேசியும் திரிந்த சிறுவர் கூட்டத்தை அவன் அடித்துத் திருத்த முற்பட்டான். அடியால் அன்று, அன்பினாலும் சாந்தத்தினாலுமே அவர்களை வெல்ல வேண்டும் என்று கனவில் அவனுக்கு உணர்த்தப்பட்டது. அந்தக் கனவு அவர் வாழ்நாள் முழுவதும் வழிகாட்டியது.

வறுமையோ பெரிது. தையல் வேலையும் சிற்றுண்டிக் கடை வேலையும் செய்துகொண்டே அவர் படித்தார். கயிற்றின்மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஜெபமாலை சொல்லவும் வைப்பார். 1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். தூரின் நகரச் சிறைகளில் இளஞ்சிறுவர்கள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு அவர் உள்ளம் உருகியது. வெளியே வரும்போது அன்பு காட்ட ஒருவர் இருந்திருந்தால் இவர்கள் மீண்டும் சிறைக்கு வரமாட்டார்களே என்று எண்ணினார். அனாதைகளையும் கொத்து வேலை செய்யும் சிறுவர்களையும் ஞாயிறுதோறும் ஒன்று சேர்த்தார். இடம் தர மறுத்தவர்கள் பலர். 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று வால்தோக்கோ என்னுமிடத்தில் தாழ்ந்த கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் மார்கரீத்தா அம்மையாரும் ஊரைவிட்டு வந்து, அச்சிறுவர்களுக்கெல்லாம் தாயானார்.

தொன் போஸ்கோ விடுமுறையை வீண்காலமாகக் கருதியதில்லை. அங்கே திராட்சை பழுக்கும் இலையுதிர் காலமே விடுமுறைக் காலம். ஜெபமாலை அன்னையின் திருநாளை ஒட்டிச் சிறுவர்களைத் தம் சொந்த ஊரான பெக்கிக்கு நடத்திச் செல்வார். பிற்பாடு மொன்பெராத்தோ குன்றுகளில் ஊர் ஊராகப் பல நாள்கள் நடந்தார்கள். இரவில் வைக்கோல்மேல் உறக்கம். காலையில் பாவசங்கீர்த்தனமும் திருப்பலியும். பகலில் நடையும் விளையாட்டும். மாலையில் வாத்திய இசையும் நாடகமும். அவர்களுடைய பாண்டு வாத்தியம் கேட்டு ஊரே திரண்டு வருமாம்.

இப்பயணங்களில் அவர் விதைத்தவை எத்தனை! 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பெக்கியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தந்தை அழைத்து வந்தார். தன்னைத் துணி என்றும், தொன் போஸ்கோவைத் தையற்காரர் என்றும் எண்ணிக்கொண்டு, ஆண்டவருக்கு அழகிய ஆடையாகத் தன்னைத் தைத்துத் தரும்படி கேட்டான் அச்சிறுவன். அவனே புனித தோமினிக் சாவியோ.

மறு ஆண்டு நிகழ்ந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறும் செய்தி என் மனத்தை மிகவும் தொட்டது. தூரின் சீர்திருத்தப் பள்ளியில் இருந்த சுமார் 300 சிறுவர்களுக்குத் தியானம் கொடுத்தபின், காவலர் ஒருவருமின்றி அவர்களை ஒருநாள் உல்லாசப் பயணம் அழைத்துச் செல்ல அனுமதி கேட்டார். ஒருவன் ஓடிப்போனாலும் பழி அவர்மேல்தான் விழும். எனினும் நம்பினார். திரும்பும் வழியில் அவர் களைத்திருப்பதைக் கண்ட சிறுவர்கள், கழுதைமேல் இருந்த சுமைகளைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டு அவரை அதன்மேல் அமர்த்தினார்களாம். மாலையில் கணக்கெடுத்தபோது ஒருவன்கூடக் குறையவில்லை.

1864-ஆம் ஆண்டு நடைப்பயணம் நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு முக்கியமானது. அக்டோபர் 7-ஆம் நாள் தொன் போஸ்கோ தம் சிறுவர்களுடன் மொர்னேசே என்னும் மலையூரை அடைந்தார். அங்கே மரிய மசரெல்லோ என்னும் 27 வயதுப் பெண் இருந்தார். திராட்சைத் தோட்டத்தில் ஆண்களுக்கு இணையாக உழைத்தவர். 1860-இல் நோயுற்ற உறவினருக்குப் பணிவிடை செய்து, தாமும் விஷக்காய்ச்சலுக்கு ஆளாகி உடல்வலிமை இழந்தவர். அதனால் மனம் தளராமல் தையல் கற்று, ஊர்ச் சிறுமிகளுக்குத் தையலும் ஞானோபதேசமும் கற்பித்து வந்தவர். தொன் போஸ்கோ மாலைதோறும் சிறுவர்களுக்குக் கூறிய அறிவுரையைக் கேட்க அவர் கூட்டத்தில் முன்னே சென்று நிற்பார். சில நாள்களில் சிறுவர்கள் ஊர் திரும்பினார்கள். மரியாவின் உள்ளத்தில் மூண்ட தீயோ அணையவில்லை. 1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் அவரையும் தோழியரையும் கொண்டு கிறிஸ்தவர்களின் சகாய மாதாவின் புதல்வியர் சபை பிறந்தது. வளர்ந்த பிறகே எழுதக் கற்ற அப்பெண், ஆயிரமாயிரம் சிறுமிகளுக்கு எழுத்தறிவிக்கும் சபைக்குத் தாயானார். 1951-இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

தொன் போஸ்கோ 1888-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய சலேசியத் துறவியர் 1906-இல் நம் தஞ்சைக்கு வந்தனர். சகோதரிகள் 1922-இல் இந்தியா வந்தனர். திராட்சைக் குன்றுகளில் நடந்த ஒரு விடுமுறைப் பயணத்தின் பலன் கடல் கடந்து நம் ஊர்வரை வந்துவிட்டது!

எங்கள் முகாமில் என் குழுவில் ஒரு சிறுமி இருந்தாள். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அன்றுமுதல் ஞாயிறு பூசைக்குப் பின் அவளுக்கு எழுத்துக் கற்பித்து வருகிறேன். இப்போது தன் பெயரையும் தன் அம்மாவின் பெயரையும் எழுதுகிறாள். மரிய மசரெல்லோவின் வரலாற்றைப் படித்தபோது அவள் முகமே என் கண்முன் நின்றது.

இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த ஆண்டு தம்பியையும் முகாமுக்கு அனுப்பலாம் என்றார்; கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணையும் மறவாமல் நினைவூட்டினார்!

தோழியரே, முகாமில் கட்டிய தோரணங்கள் மறுநாளே கழற்றப்படுகின்றன. அங்கே உள்ளத்தில் விழும் விதைக்கு நீர் ஊற்றுவது நம் கடமை. விடுமுறையில் விதைத்த அப்புனிதரின் வழியில், நாமும் ஒரு சிறு நற்செயலையாவது வீட்டுக்கு எடுத்து வந்து வளர்ப்போமாக.