யார் இந்த பாப்பா உமாநாத்? மெஸ் சமையலறையில் தொடங்கி சட்டமன்றம் வரை

திருச்சி பொன்மலை ரயில்வே தொழிலாளர் போராட்ட வரலாற்றைப் புரட்டினால், ஒரு சிறுமியின் பெயர் கண்டிப்பா வரும். அவர்தான் பாப்பா உமாநாத்.

பெயர் வந்தது எப்படி?

1931-ல் காரைக்கால் அருகே கோவில்பத்து கிராமத்தில் பிறந்தார். இயற்பெயர் தனலட்சுமி. சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிழைப்புக்காக பொன்மலைக்கு வந்து, ரயில்வே பணிமனை தொழிலாளர்களுக்கு மெஸ் நடத்தினார். சாப்பிட வந்தவங்க பாசமா பாப்பான்னு கூப்பிட, அதுவே பெயராகிடுச்சு. அவங்க பேசின சங்கப் பேச்சைக் கேட்டுத்தான் பாப்பா வளர்ந்தார்.

12 வயதில் கைது

1943-ல் போராட்டத்தில் இறங்கிய பாப்பாவை போலீஸ் கைது செய்தது. வயது குறைவு என்பதால் நீதிமன்றம் விடுவித்தது. 1946 செப்டம்பர் 5-ம் தேதி, பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 5 பேர் இறந்தனர். பாப்பாவுக்கு அப்போ 15 வயசு.

அம்மாவின் முகத்தைக்கூட பார்க்கல

1948-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது. தலைமறைவா வேலை செய்த பாப்பாவும் அம்மாவும் 1950-ல் கைதாகி, சிறையில் உண்ணாவிரதம் இருந்தனர். அதில் அம்மா உயிரிழந்தார். உடலைப் பார்க்கணும்னா கட்சியை விட்டு விலகணும்னு நிபந்தனை போட்டாங்க. பாப்பா மறுத்துட்டார். கடைசிவரை அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியல.

1952-ல் அதே இயக்கத்தைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவர் ஆர்.உமாநாத்தைத் திருமணம் செய்துகொண்டார்.

ஏன் முக்கியம்?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக்கான கூலி, தறியில் உட்காருபவர் கணக்கில்தான் வரும். வீட்டில் தார் சுற்றித் தரும் பெண்ணின் உழைப்பு பெரும்பாலும் கணக்கிலேயே வராது. தொழிற்சங்கங்களிலும் ரொம்ப காலம் இதே நிலைமைதான். போராட்டம் நடக்கும்போது வீட்டைத் தாங்கிய பெண்களுக்கு மேடையில் இடமில்லை. அவங்களைத் தனி அமைப்பாகத் திரட்டும் வேலையில் பாப்பா இறங்கினார். 1970-களில் கே.பி.ஜானகியம்மாளுடன் சேர்ந்து தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தை உருவாக்கினார்.

1989-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் திருவெறும்பூர் தொகுதியில் வென்று எம்.எல்.ஏ. ஆனார். 2010 டிசம்பர் 17-ல் காலமானார்.

79 வயதிலும் அவருக்கு நிலைச்சது, மெஸ்ஸில் சாப்பிட்ட தொழிலாளர்கள் வைத்த அந்தப் பெயர்தான்.