திறமையைக் கண்டுபிடித்தவர்

ஸ்கவுட் என்றதும் நமக்குச் சாரணர்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் பேஸ்பால் ஸ்கவுட் என்றால், ஊர் ஊராகப் போய் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பவர். கிளைட் சுக்ஃபோர்த் அப்படி ஒருவர். 1901இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தார். நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி பந்து பிடிப்பவராக ஆடினார். 1931இல் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு வலது கண் பார்வை குறைந்துபோச்சு. அப்புறமும் ஆடினார். பிறகு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஸ்கவுட் ஆனார்.

அப்போது கறுப்பினத்தவரைப் பெரிய அணிகளில் சேர்க்கவே மாட்டார்கள். 1945இல் அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சன் எப்படிப் பந்து எறிகிறார் என்று பார்த்து வர இவரை அனுப்பினார். சிகாகோ போனால், ராபின்சனுக்குத் தோளில் அடி, ஆடவே இல்லை! சுக்ஃபோர்த் சும்மா திரும்பவில்லை. உட்கார வைத்துப் பேசினார். மனசுக்குப் பிடித்துப்போச்சு. ரயிலில் ரிக்கியிடமே கூட்டிவந்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் பெரிய ஆட்டத்தில் இறங்கியபோது, தற்காலிக மேனேஜர் இவர்தான். 2000இல், 98 வயதில் காலமானார்.

போன வருஷம் கோ-கோ தேர்வு அன்று எனக்குக் கால் சுளுக்கு. ஓட முடியலை, பெயரும் வரலை. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போ சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆடும்போது, ஓரமா உட்கார்ந்திருக்கிறவளைத்தான் நான் முதலில் கூப்பிடுறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி