உடலின் மறுப்பை உணர்த்திய மேதை

1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியை நுண்ணோக்கி வழியே கண்ட ரொனால்டு ராஸை நாம் நன்கறிவோம். அதே கருவியால் வேறோர் உண்மையைக் கண்ட பீட்டர் மெடவாரையும் நாம் அறிதல் வேண்டும். நோய்க்குறியியல் பயிலும் நான் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறேன்.

லெபனான் வழிவந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1915-இல் பிரேசிலில் பிறந்த மெடவார், ஆக்ஸ்போர்டில் விலங்கியல் கற்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டது. தீக்காயமுற்றோர்க்குப் பிறர் தோலை ஒட்டினால் அது சில நாட்களிலேயே அழிந்தது. காரணம் அறியக் கிளாஸ்கோ சென்று, தாமஸ் கிப்சன் என்னும் மருத்துவருடன் ஆராய்ந்தார். தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை இருமுறை ஒட்டினர். இரண்டாம் முறை ஒட்டிய தோல் முன்னினும் விரைவில் அழிந்தது. உடல் அயல் திசுவை இனங்கண்டு நினைவிலும் வைத்துக்கொள்கிறது என்பது 1943-இல் வெளியான அந்த ஆய்வால் புலனாயிற்று. பின்னர் முயல்களில் ஆராய்ந்தபோது, ஒட்டிய தோலில் லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் திரள்வதை நுண்ணோக்கி காட்டிற்று.

1953-இல் பில்லிங்காம், பிரென்ட் ஆகியோருடன் மற்றொரு விந்தை புரிந்தார். கருவிலிருந்த சுண்டெலிகளுக்கு வேற்று இன எலியின் அணுக்களைச் செலுத்தினார். வளர்ந்தபின் அவை அவ்வினத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. மறுப்பை வெல்லலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1960-இல் பர்னெட்டுடன் நோபல் பரிசு பெற்றார். 1969-இல் பக்கவாதம் தாக்கியும் எழுத்தை விட்டாரில்லை. 1987-இல் மறைந்தார்.

1954-இல் பாஸ்டனில் இரட்டையரிடையே வெற்றி கண்ட சிறுநீரக மாற்று அறுவை, 1971-இல் வேலூரிலும் வெற்றி பெற்றது. இன்று ஐதராபாத்திலும் நடக்கிறது. இங்கு ஒரு மருத்துவமனையில், மகனுக்குச் சிறுநீரகம் ஈந்த தமிழ்த் தாய் ஒருவருக்கு மொழிபெயர்த்து உதவச் சென்றேன். உடல் அதனை மறுக்கிறது என்றதும், தம் சிறுநீரகத்தில் என்ன குறையோ என்று அவர் கலங்கினார். ஊசியால் எடுத்த துணுக்கில் சிறுநீர் நுண்குழல்களின் சுவருக்குள் லிம்போசைட்டுகள் நுழைந்திருந்தன. மறுப்பு முற்றினால் அவை தமனியின் உட்சுவருக்கடியிலும் புகும். தாயின் உறுப்பில் குறையேதுமில்லை. மகனின் வெள்ளணுக்கள் தாயென்று அறியா, அயல் என்றே அறியும் என்று விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது. மருந்தால் மறுப்பும் அடங்கிற்று.

அத்தாய்க்கு நான் சொன்ன ஆறுதல் மெடவார் தந்த அறிவு. அவர் புகழ் நிலைபெறுக!